ஐம்பத்து நான்கு சென்டிமீட்டர்

கட்டில் விளிம்புக்கும் சுவரலமாரிக்கும் நடுவே
ஐம்பத்து நான்கு சென்டிமீட்டர்.
மூன்று முறை அளந்தேன்.
மூன்றாம் முறை ஐம்பத்து மூன்றரை வந்தது.
அவுத்ரோனேயிடம் சொல்லவில்லை.

பழைய கதவு அறுபது அகலம்.
முழுதாய்த் திறந்ததே கிடையாது;
மெத்தையில் முட்டி நின்றுவிடும்,
மிச்சத்தைக் கைதான் துழாவிக்கொள்ளும்.
பன்னிரண்டு வருடமாய்
என் குளிர்காலக் கோட்டின் வலது தோளை
வீட்டுக்குள் நான் பார்த்ததில்லை.

கௌனஸ் நகரத்தில்
தலைக்கு மேல் கம்பியைப் பிடித்தபடி ஓடும்
முதல் டிராலி பஸ் அவளுடையது.
மூன்று பத்துக்கு எழுவாள்.
நான் தூங்குகிறேன் என்று விளக்கைப் போடமாட்டாள்.
கதவுதான் சொன்ன பேச்சு கேட்காது.
கீல் முனகும்,
பலகை மெத்தையில் இடிக்கும்,
பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு சொல் சொல்வாள்,
அச்சில் ஏற்ற முடியாத சொல்.
பிறகு சீருடையின் சரசரப்பு.

ஒரு ஞாயிறு
நெரிஸ் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கடைக்குப் போனோம்.
விற்பனைப் பையன் பெயர் மந்த்விதாஸ்,
காதில் பென்சில்.
மடிப்புக் கதவைக் காட்டினான்: இடம் மிச்சம்.
அவள் மடித்துப் பார்த்தாள்,
சுண்டுவிரலைக் கவ்வியது.
கண்ணாடிக் கதவைக் காட்டினான்: அறை இரண்டாகத் தெரியும்.
"விடிய மூன்று மணிக்கு
என் மூஞ்சியை இரண்டாக்கி என்ன செய்ய?"
திரைச்சீலை மலிவு என்றேன் நான்.
இருவரும் பார்த்த பார்வையில்
மலிவைப் பற்றி மேற்கொண்டு பேசவில்லை.

கடைசியில் ஸ்லைடிங் கதவு.
இரண்டு பலகை, ஒன்றின் முதுகில் ஒன்று ஒளியும்.
எப்போதும் பாதிதான் திறக்கும்,
அவள் பாதி, இல்லை என் பாதி.
கல்யாணமான நாளாய் நாங்கள் அப்படித்தானே என்றேன்.
பையன் சிரித்தான்.

"கண்ணை மூடு, ரிம்விதாஸ்."
மூடினேன்.
"கேட்டதா?"
"இன்னும் நீ தள்ளவே இல்லையே."
"தள்ளி, மூடியும் விட்டேன்."
உள்ளே எண்ணெய் நிரம்பிய சின்னக் குழல் என்றான் பையன்,
தானே செய்தவன் போல.
கடைசி விரற்கடையில் கதவைப் பிடித்து
பூனைக்குட்டியை இறக்கி விடுவதுபோல் விடுமாம்.
அவள் தோள் இரண்டும் தளர்ந்ததைப் பார்த்தேன்.
அதற்குமேல் விலை கேட்பது மரியாதையில்லை.

வெள்ளையும் இல்லாத சாம்பலும் இல்லாத நிறம்.
அட்டவணையில் அதற்குப் பெயர் மூடுபனி.
நவம்பரில் ஜன்னலுக்கு வெளியே
காசில்லாமலே கிடைக்கும்.

பொருத்திய இரவு அடித்துப்போட்டதுபோல் தூங்கினேன்.
எழுந்தால் ஆறரை.
அவள் தலையணையில் குழி, குழியில் சூடில்லை.
மறுநாளும் அப்படியே.
மூன்றாம் நாள் காபி கொதிக்கையில்
யாரோ என்னிடம் சொல்லிக்கொள்ளாமல்
ஊரைவிட்டுப் போனதுபோல் இருந்தது.

பன்னிரண்டு வருடமும் மூன்று பத்துக்கு
நான் விழித்துத்தான் கிடந்திருக்கிறேன்.
கீல், இடி, அந்தச் சொல், சரசரப்பு,
வாசல் பூட்டு,
நான்கு மாடிப் படியிலும் அவள் பூட்ஸ்.
இரண்டாம் மாடி வருவதற்குள் மறுபடி தூங்கிவிடுவேன்.
சொன்னதில்லை.
சொல்லியிருந்தால் கீலுக்கு எண்ணெய் விட்டிருப்பாள்.

புதன்கிழமை, அவள் வண்டியில் இருந்த நேரம்,
இடது கதவைத் தூக்கிக் கழற்றினேன்.
குழலுக்கு இரண்டே திருகாணி.
சமையலறை இழுப்பறையில்
செத்த பேட்டரிகளோடு கிடக்கிறது இப்போது.

வியாழன், மூன்று பத்து.
பலகை ஓடிவந்து சட்டத்தில் மோதியது:
டக்.
இருட்டில் அவள் அசையாமல் நின்றாள்.
தூங்குகிறவன் விடும் மூச்சை விட்டேன்,
கொஞ்சம் அதிகமாகவே.
அந்தச் சொல் வரவில்லை.
சற்றுப் பொறுத்து
கதவு மறுபடி திறக்கும் ஓசை,
எடுக்க எதுவும் இல்லாத கை,
மறுபடி
டக்.